ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர்

முத்தாபுதுப்பேட்டையில் இரண்டு நாளாக விடாத தூறல். காலை நடைக்குப் போக வழியில்லை, அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வகுப்பில் கேட்பது போல ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ரஞ்சிக் கோப்பையில் முதல் பந்தை வீசியவர் யார்? செல்போனில் தேடாமல் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கிரிக்கெட் பைத்தியங்கள் நிறைய. ஐபிஎல் ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார்கள் என்று ஒப்பிப்பார்கள். இதைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்திலும் இல்லை, நாங்களும் சொல்லிக் கொடுத்ததில்லை.

விடை எம்.ஜே. கோபாலன். மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன். 1909 ஜூன் 6-ஆம் தேதி, அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் மொரப்பாக்கம் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். நம்முடைய ஆவடி, பட்டாபிராம் பக்கமெல்லாம் கூட அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. ஆக ஒரு வகையில் நம்ம ஜில்லாக்காரர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். அப்படி இரண்டு ஆட்டத்திலும் தேசிய அணிக்குப் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவரைப் பற்றி எங்காவது இரண்டு வரி எழுதினால், அதில் ஒரு வரி "தப்பாகத் தேர்ந்தெடுத்தவர்" என்றுதான் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் அந்தக் காலத்துச் சென்னைக் கிரிக்கெட் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கோபாலன் ஏன் அப்படி முடிவு செய்தார் என்பது விளங்காது.

சேப்பாக்கம் மைதானம் வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வைத்திருந்த இடம். அந்த கிளப் 1846-இல் ஆரம்பித்தது. இந்தியர்கள் அங்கே போய் அவர்களோடு ஆடலாம். ஆனால் மதியச் சாப்பாட்டு வேளையில் துரைமார்கள் பெவிலியனுக்குள் போவார்கள், நம்மவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதைப் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு என்ற செல்வந்தர் 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று இந்தியர்களுக்காக ஒரு கிளப்பைத் தொடங்கினார். பையன்களுக்குத் தன் செலவில் மட்டையும் பந்தும் உடுப்பும் வாங்கிக் கொடுத்தார். வெள்ளைக்காரர் அணியும் இந்தியர் அணியும் சரிக்குச் சரியாக மோத ஒரு ஆட்டம் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த ஆட்டம் நடக்கச் சில நாட்கள் இருக்கும்போது, 1908 டிசம்பரில், காலமாகிவிட்டார். புச்சிபாபு பெயரில் இப்போதும் சென்னையில் போட்டி நடக்கிறது. பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

அவர் தொடங்கி வைத்த அந்த ஆட்டம்தான் 1915-இலிருந்து பொங்கலை ஒட்டி வருடா வருடம் நடந்தது. பிரசிடென்சி ஆட்டம் என்பது அதன் பெயர். ஜனங்கள் சொன்னது பொங்கல் ஆட்டம். ஒரு பக்கம் ஐரோப்பியர்கள், எதிர்ப்பக்கம் இந்தியர்கள். சுதந்திரம் வாங்கிய பிறகும் சில வருடம் நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபாலன் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். வீட்டிலிருந்து எட்டி நடந்தால் சேப்பாக்கம். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த பையனின் பந்துவீச்சு ஒரு வெள்ளைக்காரரின் கண்ணில் பட்டது. அவர் சி.பி. ஜான்ஸ்டன். பொங்கல் ஆட்டத்தில் எதிரணியில், அதாவது ஐரோப்பியர்கள் பக்கம், ஆடியவர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம். கோபாலனுக்குத் தன் கம்பெனியிலேயே ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். 1926-27 பருவத்தில் கோபாலன் முதல்தரக் கிரிக்கெட்டுக்கு வந்துவிட்டார். வயது பதினேழு. பர்மா ஷெல் வேலை ஓய்வு பெறும் வரை நீடித்தது.

பர்மா ஷெல் என்றால் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. அரசாங்கம் 1976-இல் எடுத்துக்கொண்டு பிறகு பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாற்றியது. நீங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போடும் அதே கம்பெனிதான்.

இந்த வேலை விஷயத்தை ஒரு வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு ஒரு பையன் நன்றாகக் கிரிக்கெட் ஆடினால் அதுவே சம்பாத்தியம். அன்றைக்கு கிரிக்கெட்டில் பணம் கிடையாது. ஆட்டம் ராஜாக்களுக்கும் ஜமீன்களுக்கும் பொழுதுபோக்கு. சாதாரண வீட்டுப் பையன் ஆட வேண்டுமானால் யாராவது சோறு போட வேண்டும். வடக்கே சமஸ்தானங்கள் வீரர்களை வேலைக்கு வைத்துக்கொண்டன. அமர் சிங் இங்கிலாந்துக்கே போய், லங்காஷயர் லீகில் கோல்ன் என்ற ஊர் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடினார். சென்னையில் கம்பெனிகள்தான் கதி. பகலில் ஆபீஸ், சாயங்காலம் மைதானம். ஆட்டம் இருந்தால் லீவு.

ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் பக்கம் வளர்ந்த உங்களுக்கு இது புதிதல்ல. கனரக வாகனத் தொழிற்சாலை, ஐசிஎஃப், ரயில்வே, விமானப்படை, பாங்குகள் என்று விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குப் போனவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கோல் போட்டதால் கிடைத்த வேலையில் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அந்த வரிசையில் கோபாலன் ரொம்ப முன்னால் நிற்பவர்.

இனி அவருடைய பந்துவீச்சு. வலது கை வேகம், மிதவேகம் என்று எழுதுகிறார்கள். மட்டையும் பிடிப்பார். 1930-31-இல் விஜயநகரம் மகாராஜ்குமார் என்பவர் ஹாப்ஸ், சட்க்ளிஃப் என்ற இரண்டு இங்கிலாந்து ஜாம்பவான்களை வரவழைத்து, தன் அணியில் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். ஹாப்ஸ் சாமானியர் அல்ல. முதல்தர ஆட்டங்களில் 190-க்கு மேல் சதம் அடித்தவர், இன்றுவரை அதைத் தாண்டியவர் இல்லை. அந்த ஹாப்ஸின் விக்கெட்டைச் சென்னையில் கோபாலன் எடுத்தார். ஊரே பேசிய விக்கெட் அது. விஜி என்று எல்லோரும் அழைத்த அந்த மகாராஜ்குமாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1933-34-இல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆளைக் குறிவைத்துப் பந்து வீசச் செய்து பெரிய ரகளை கிளப்பினாரே, அதே ஜார்டின். இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. பம்பாயில் முதல் டெஸ்ட், லாலா அமர்நாத் சதம் அடித்தார். இரண்டாவது டெஸ்ட் கல்கத்தா ஈடன் கார்டனில், 1934 ஜனவரி 5-ஆம் தேதி ஆரம்பம். அதில் கோபாலன் ஆடினார். மெட்ராஸிலிருந்து இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய முதல் ஆள் அவர்தான். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன், ஒரு முறை ஆட்டமிழக்கவில்லை. ஒரு விக்கெட். ஆட்டம் டிரா.

மூன்றாவது டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில். சென்னை பார்த்த முதல் டெஸ்ட் ஆட்டம். திருவல்லிக்கேணிப் பையன், நடந்து போகிற தூரத்தில் மைதானம், போன மாதம்தான் இந்தியாவுக்கு ஆடிவிட்டு வந்திருக்கிறார். அணியில் பெயர் இல்லை. அமர் சிங் 7 விக்கெட் எடுத்தார், வெரிட்டி 11 விக்கெட் எடுத்தார், இந்தியா தோற்றது. கோபாலன் ஆடவில்லை. அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்டிலும் ஆடவில்லை.

"ஒரே ஒரு டெஸ்ட்தானா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-இல். அந்த வருடம் 1, 1933-34-இல் 3, 1936-இல் 3. மொத்தம் 7. பிறகு போர் வந்துவிட்டது. அடுத்த டெஸ்ட் 1946 ஜூனில். முழுசாகப் பத்து வருடம் ஒரு டெஸ்ட் கூடக் கிடையாது. அந்தப் பத்து வருடத்தில் கோபாலனின் வயது 27-இலிருந்து 37. ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இன்று ஒரே வருடத்தில் பத்துப் பன்னிரண்டு டெஸ்ட் ஆடுகிறார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து ஆளை அளக்கக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன், பேஸ்பால் ஆட்டத்தில் இப்படி ஒருவர் உண்டு என்று சொன்னான். மூன்லைட் கிரஹாம் என்று பெயர். 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம். கடைசி நேரத்தில் களத்தில் இறக்கினார்கள், மட்டை பிடிக்கும் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அப்புறம் டாக்டராகி ஒரு சின்ன ஊரில் காலமெல்லாம் வைத்தியம் பார்த்தார். அவரை வைத்துக் கதை எழுதினார்கள், சினிமாவும் வந்தது. நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கதை எழுதத்தான் ஆளில்லை.

இப்போது ரஞ்சிக் கோப்பை. 1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம். மெட்ராஸும் மைசூரும் மோதின. போட்டி தொடங்கிய முதல் ஆட்டமே நம் ஊரில்தான். மைசூர் மட்டை பிடித்தது. கர்டிஸ் என்பவர் எதிரே நிற்க, கோபாலன் ஓடிவந்து முதல் பந்தைப் போட்டார். மைசூர் 48-க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. பொழுது சாய்வதற்குள் ஆட்டம் முடிந்து, மெட்ராஸ் ஒரு இன்னிங்ஸ் 23 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. பல நாள் ஆட்டம் ஒரே நாளில் தீர்ந்தது. விக்கெட்டுகளை அள்ளியவர் ஏ.ஜி. ராம்சிங், 35 ரன் கொடுத்து 11 விக்கெட்.

ராம்சிங் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலேயே வாழ்ந்த சீக்கியக் குடும்பம். அவருக்கு அந்த ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார்கள். கிருபால் சிங் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார். அப்பாவுக்கு அது ஆறுதலா, இன்னும் வருத்தமா என்று நான் யோசித்ததுண்டு.

இத்தனைக்கும் நடுவே கோபாலன் ஹாக்கியும் ஆடிக்கொண்டிருந்தார். சும்மா ஆசைக்கு ஆடியதல்ல. 1935-இல் தியான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் கப்பலேறியபோது அந்த அணியில் கோபாலன் இருந்தார். அந்தப் பயணத்தில் 48 ஆட்டம் ஆடி 584 கோல் போட்டார்கள். நான் தப்பாக அடிக்கவில்லை, ஐந்நூற்று எண்பத்து நான்கு. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி பன்னிரண்டு கோல். அதில் 200-க்கு மேல் தியான்சந்த் ஒருவரே போட்டது.

இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. அடுத்த வருடம் 1936. ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக். அதே கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு மூன்று டெஸ்ட் ஆடப் போகிறது. இரண்டும் ஒரே சமயம். ஒரு ஆள் இரண்டு கப்பலில் ஏற முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்து போனார்.

போன இடத்தில் அணித்தலைவர் யார் தெரியுமா? நான் நினைவில் வைக்கச் சொன்ன விஜி. பணத்தாலும் செல்வாக்காலும் வந்த தலைமை. ஆறு இன்னிங்ஸ் மட்டை பிடித்து 33 ரன் எடுத்தார். அணிக்குள் ஓயாத கோஷ்டிச் சண்டை. லாலா அமர்நாத்தை முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்று கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சி.கே. நாயுடுவுக்கும் விஜிக்கும் ஆகவே ஆகாது. சாப்பாட்டு மேஜையில் நாயுடுவை அவமானப்படுத்தியவருக்கு டெஸ்ட் ஆடும் வாய்ப்பு கிடைத்தது என்று கூட ஒரு பேச்சு உண்டு. நடுவிலே விஜிக்கு சர் பட்டம் வேறு கிடைத்தது.

வேகப்பந்துக்கு நிசார், அமர் சிங், ஜஹாங்கீர் கான் என்று மூன்று பேர், மூன்று டெஸ்ட்டிலும் அவர்களே ஆடினார்கள். லார்ட்ஸில் தோல்வி. மான்செஸ்டரில் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்து மானத்தைக் காப்பாற்றினார்கள், அது டிரா. அந்த ஆட்டத்தில் மெட்ராஸ்காரர் ஒருவர் அறிமுகமானார். கோபாலன் இல்லை, கோட்டா ராமஸ்வாமி. வயது 40! இரண்டு இன்னிங்ஸில் 40-ம் 60-ம் அடித்தார். அவர் அப்படி ஆடும்போது 27 வயது கோபாலன் வெளியே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில். ஆரம்பித்த தேதி ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. பெர்லினில் ஹாக்கி இறுதிப்போட்டி முதல் நாளே நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட தேதி அதே ஆகஸ்ட் 15. அங்கே தியான்சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று நசுக்கித் தங்கப் பதக்கம் வாங்கியது. இங்கே ஹாம்மண்ட் 217 அடித்தார், இந்தியா இன்னொரு தோல்வியை நோக்கிப் போனது, அதையும் கோபாலன் வெளியிலிருந்துதான் பார்த்தார்.

நம் சுதந்திரத்துக்கு இன்னும் சரியாக 11 வருடம் இருந்தது. அந்தத் தேதிக்கு அன்று ஒரு விசேஷமும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு சனிக்கிழமையை வைத்துத்தான் கோபாலன் வாழ்க்கைக்கே மதிப்பெண் போடுகிறார்கள். பெர்லின் போயிருந்தால் தங்கம், இங்கிலாந்து போனதால் ஒன்றுமில்லை, ஆகவே தப்பான முடிவு என்று. விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்வது யாருக்கும் சுலபம்.

1936-இன் தொடக்கத்தில், திருவல்லிக்கேணியில் நின்றுகொண்டு யோசிப்போம். அவர் கைக்கு அப்போது வந்திருந்தது ஒரே ஒரு டெஸ்ட். சொந்த ஊர் டெஸ்ட்டில் விட்டுவிட்டார்கள். அதைச் சரி செய்துகொள்ள வாய்ப்பு எப்போது வரும்? இங்கிலாந்துப் பயணத்தை விட்டால் அடுத்தது எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பத்து வருடம் ஆனது. விஜிதான் தலைவர் என்றோ, கோஷ்டிச் சண்டை இப்படி நாறும் என்றோ, ஊரில் இருந்த ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர் எப்படி அறிவார்? அவரைத் தூக்கிவிட்டது கிரிக்கெட். வேலை கொடுத்தது கிரிக்கெட். அந்தக் காலத்துச் சென்னையில் கிரிக்கெட் ஆடும் பையன் ஒவ்வொருவனுக்கும் லார்ட்ஸ் என்பது காசி யாத்திரை மாதிரி.

ஹாக்கித் தங்கம் நிச்சயமாகத் தெரிந்ததே என்பார்கள். 1928-இலும் 1932-இலும் வாங்கியாயிற்று, உண்மைதான். ஆனால் பெர்லினில் இறங்கியவுடன், ஜூலை 17-ஆம் தேதி பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனியிடம் இந்தியா 4-1 என்று தோற்றது. தியான்சந்த் தூக்கமில்லாமல் தவித்தார். அவசரமாக இந்தியாவிலிருந்து தாராவை விமானத்தில் வரவழைத்தார்கள். அவ்வளவு நிச்சயமாக இருந்திருந்தால் அந்தப் பதற்றம் எதற்கு? அது போக, கோபாலன் பெர்லின் போயிருந்தாலும் இறுதிப்போட்டிப் பதினொருவரில் இருந்திருப்பார் என்று யார் உறுதி சொல்வது?

பதக்கம் வாங்கியவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய தியான்சந்த், கடைசிக் காலத்தில் பணத்துக்குச் சிரமப்பட்டு, 1979 டிசம்பர் 3-ஆம் தேதி டெல்லியில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் இறந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். உலகத்திலேயே அவரைப் போல் ஹாக்கி ஆட ஆளில்லை என்று கொண்டாடிய நாடு இது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்று சிலர் நினைக்கலாம். தொண்ணூறுகளில் என்னிடம் படித்த ஒரு பையன், பெயர் வேண்டாம், ஹாக்கியில் கெட்டிக்காரன். மழைக்காலத்தில் சேறு அப்பிய காலோடு வகுப்புக்கு வந்து திட்டு வாங்குவான். பத்தாவது முடித்த வருடம் விளையாட்டு விடுதித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அதே வாரத்தில் ஐடிஐயில் சேர்க்கை. அப்பா இல்லை, அம்மா தையல் வேலை. ஐடிஐக்குப் போனான். அவனோடு ஆடிய இன்னொருவன் விடுதிக்குப் போய் மாநில அணி வரை ஆடினான், பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தைக் காட்டிக் காட்டியே இவனை ஊரில் கேலி செய்தார்கள், "நீயும் போயிருக்கலாமேடா" என்று. பத்துப் பதினைந்து வருடம் அந்தப் பேச்சு ஓயவில்லை. அவன் ஒரு நாளும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவான். சம்பாதித்து இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவன் அவன். கேலி செய்தவர்களில் ஒருவர் கூட அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தவர் கிடையாது. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். இந்தப் பத்தியை உனக்காகத்தான் எழுதினேன்.

சரி, கோபாலனிடம் திரும்புவோம். இங்கிலாந்திலிருந்து வந்தவர் மனம் உடைந்து மூலையில் உட்காரவில்லை. அதற்கு அப்புறம் 15 வருடம் ஆடியிருக்கிறார்! 1951-52 வரை, நாற்பது வயதைத் தாண்டியும், மெட்ராஸுக்கு ஓடிவந்து பந்து வீசினார். மொத்தம் 78 முதல்தர ஆட்டங்கள். ஏறத்தாழ 2,900 ரன், 190-க்கு மேல் விக்கெட். வருடத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம்தான் கிடைத்த காலத்தில் இது இருபத்தைந்து வருடச் சேமிப்பு.

அந்தக் கால மெட்ராஸ் அணி ரஞ்சிக் கோப்பையை வாங்கவில்லை. 1935-36-இல் இறுதிப்போட்டி வரை போய் பம்பாயிடம் தோற்றது. 1940-41-இல் மறுபடி இறுதிப்போட்டி, அதுவும் சேப்பாக்கத்திலேயே, மகாராஷ்டிரம் ஜெயித்தது. கோப்பை முதல் தடவையாக நம் ஊருக்கு வந்தது 1954-55-இல், இந்தூரில் ஹோல்கர் அணியைத் தோற்கடித்து. அப்போது அணித்தலைவர் பாலு அளகநன். கோபாலன் ஓய்வு பெற்று மூன்று பருவம் ஆகியிருந்தது. முதல் பந்தைப் போட்டவர் கோப்பையைத் தொட்டுப் பார்க்க அவ்வளவு வருடம் காத்திருந்தும், ஆடி வாங்கும் பேறு இல்லை. 1950-களில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்கார்ந்தார். தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குப் பங்கு போடும் வேலை. அதுவும் ஒரு விதி.

ஊர் அவரை முழுசாக மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அவர் முதல்தரக் கிரிக்கெட்டுக்கு வந்து 25 வருடம் ஆனதைக் கொண்டாட ஒரு கோப்பை ஏற்படுத்தினார்கள். கோபாலன் கோப்பை. மெட்ராஸ் அணியும் இலங்கை அணியும் மோத வேண்டும், சில வருடம் சென்னையில், சில வருடம் கொழும்பில். 1952-53-இல் ஆரம்பம்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இலங்கைக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. முதல்தர ஆட்டம் என்று அவர்களுக்குக் கிடைத்ததே கொஞ்சம். வருடா வருடம் நிச்சயமாக ஆடலாம் என்று இருந்தவற்றில் முக்கியமானது இந்தக் கோபாலன் கோப்பை. சதாசிவம் என்ற இலங்கைத் தமிழர் 1947-இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 அடித்ததைப் பற்றிச் சென்னைப் பெரியவர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஏற்கெனவே இருந்த பழக்கத்துக்கு ஒரு நிரந்தர ஏற்பாடாக அமைந்தது கோபாலன் பெயர். முப்பது வருடம் இலங்கை வீரர்கள் அந்தக் கோப்பையில் ஆடிப் பழகினார்கள். 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆடியது. அதற்குப் பிறகு மெட்ராஸோடு ஆட அவர்களுக்கு அவசியமும் நேரமும் இல்லை, கோப்பையும் மெல்ல நின்றுபோனது. பிற்பாடு தூசி தட்டி எடுத்துப் பார்த்தார்கள், பழைய வேகம் வரவில்லை. தான் ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவரின் பெயரில் ஒரு நாடே டெஸ்ட் ஆடப் பயிற்சி எடுத்திருக்கிறது. பெர்லின் தங்கத்தைத் தராசின் ஒரு தட்டில் வைப்பவர்கள் மறு தட்டில் இதையும் வைத்துவிட்டுப் பேசட்டும்.

கோபாலன் நீண்ட ஆயுளோடு இருந்தார். 2003 அக்டோபர் கடைசியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வியர் இறந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் உலகத்திலேயே மூத்தவர் என்ற இடம் கோபாலனுக்கு வந்தது. ஏழு வாரம்தான். டிசம்பர் 21-ஆம் தேதி, 94 வயதில், சென்னையில் காலமானார்.

நம் பக்கத்திலிருந்து சேப்பாக்கம் போகிறவர்கள் இந்துக் கல்லூரி ஸ்டேஷனிலோ ஆவடியிலோ ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி மாறிப் போவீர்கள். அடுத்த முறை ரஞ்சி ஆட்டம் நடந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். கூட்டம் இருக்காது. வெயிலுக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பொங்கல் ஆட்டமோ கோபாலன் கோப்பை ஆட்டமோ நேரில் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அடுத்த பதிவு கோட்டா ராமஸ்வாமி பற்றி. மேலே 40 வயதில் டெஸ்ட் ஆடினார் என்று சொன்னேனே, அவர்தான். புச்சிபாபுவின் மகன், டேவிஸ் கோப்பை டென்னிஸும் ஆடியவர். 1985-இல் ஒரு நாள், 89 வயதில், வீட்டை விட்டுக் கிளம்பினார், திரும்பி வரவே இல்லை. மழை விட்டால் எழுதுகிறேன், விடாவிட்டாலும் எழுதுகிறேன்.